ராஜிக்குக் கூப்பிட்டேன், ராஜினாமாவுக்கு இல்லை

ஆந்திராவில் நம் லேபர் ஆபீசுகளுக்குக் கிளார்க்காகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களில் நான்கு பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்று கேள்விப்பட்டேன். நகரிப் பக்கம் இரண்டு பேர், சத்தியவேடு பக்கம் இரண்டு பேர். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதை வரவேற்புக் கூட்டத்திலேயே தெலுங்கில் சொல்லிவிட்டேன். கையில் பூச்செண்டு இருக்கும்போது ஒரு மனிதன் என்ன பேசுவானோ அதைத்தான் பேசினேன். இது உங்கள் நான்கு பேருக்கு மட்டும்.

உங்கள் வேலை என்னவென்று ஆர்டரில் போட்டிருப்பார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் தகராறு வந்தால் இரண்டு தரப்பையும் ஒரே மேசைக்கு வரவழைத்து ஆபீசர் சமரசம் பேசுவார். அந்த மேசைக்கு அவர்கள் வந்து சேர்வதற்கு யாராவது நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த யாராவது நீங்கள்தான். பேசிய பெருமை ஆபீசருக்குப் போகும். வராமல் போன பழி உங்களுக்கு வரும்.

இன்னொன்று. உங்களுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருப்பார்கள், ஆனால் அதில் குறைந்தது மூன்று பேர் வேலை இருக்கும். நான் இருந்த ஆபீசில் சூப்பிரண்டு சீட்டு காலி, டைப்பிஸ்ட் சீட்டு காலி, ஜூனியர் அசிஸ்டெண்ட் இரண்டு சீட்டும் காலி. சித்தூர் ஒரு மாவட்டம், திருப்பதி ஒரு மாவட்டம் என்று பிரித்தபோது ஆட்கள் ஒரு பக்கமும் பைல்கள் இன்னொரு பக்கமும் போய்விட்டன. ஒரு பீரோ மட்டும் சாவி இல்லாமல் எங்களிடமே நின்றுவிட்டது. தெலுங்கில் காலியாக இருக்கிறீர்களா என்று கேட்டால் வேலையில்லாமல் சும்மா இருக்கிறீர்களா என்று அர்த்தம். தமிழில் ஆள் காலி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் தமிழ் அர்த்தத்தில்தான் காலியாக இருந்தேன்.

ஆபீசரும் முழு ஆபீசர் இல்லை, இன்சார்ஜ். கோஸ்தா, அதாவது கடலோர ஆந்திராப் பக்கத்து அம்மா, தமிழ் தெரியாது. இரண்டு ஆபீசைப் பார்க்க வேண்டியிருந்ததால் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கிடைப்பார். மற்ற நாட்களில் அவருடைய கையெழுத்து வேண்டுமென்றால், கார் எந்த வழியாகப் போகிறது என்று விசாரித்து ரோட்டில் நிற்க வேண்டும். நின்றிருக்கிறேன்.

அப்போது வந்த ஒரு கேஸ். கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில், ஏதோ பெரிய கம்பெனிக்குச் சின்னச் சின்ன சாமான்களைப் பொட்டலம் போட்டுக் கொடுக்கிற இடம். அங்கே வேலை செய்த ஒன்பது பெண்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தை மாற்றி, ஊர் வரைக்கும் வந்துகொண்டிருந்த பஸ்ஸை மெயின் ரோட்டோடு நிறுத்தியிருந்தார்கள். இருட்டிய பிறகு ஏரிக்கரை வழியாக நடந்து போக முடியாது என்று இந்த ஒன்பது பேரும் சொன்னார்கள். சொன்னதற்கு வேலை போனது. எல்லோரும் நகரிக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவே இருக்கிற ஊர்க்காரர்கள், எல்லோரும் தமிழ்.

மூன்று செவ்வாய்க்கிழமை பேசினோம். ஆபீசர் அம்மா கெட்டிக்காரர், மிரட்டாமல் மிரட்டுவார். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. பஸ் பழையபடி ஊர் வரைக்கும் போகும், ஒன்பது பேரும் வேலைக்குத் திரும்பலாம் என்று வாயால் ஒப்புக்கொண்டது. அடுத்த செவ்வாய் எழுத்தில் போட்டு இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்க வேண்டும். சமரசத்துக்கு எங்களுக்கு இருந்த கெடுவும் அன்றோடு முடிகிறது. அன்றைக்குக் கையெழுத்து ஆகாவிட்டால், சமரசம் தோற்றது என்று ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு கோர்ட்டு. கோர்ட்டுக்குப் போனால் அந்தப் பெண்களின் பிள்ளைகள்தான் தீர்ப்பைக் கேட்கப் போக வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு வரச்சொல்லி ஒன்பது பேருக்கும் நோட்டீஸ் அனுப்பியது நான். இங்கேதான் என் தப்பு.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒரு சூப்பிரண்டு இருந்தார். எதையும் புதிதாக எழுதாதே, பழைய பைலில் பாஸ் ஆனதைப் பார்த்து எழுது, யாரும் உன்னை ஒன்றும் கேட்க முடியாது என்பார். முப்பது வருஷம் அந்தப் பேச்சு என்னைக் காப்பாற்றியது. அன்றைக்கும் ஒரு பழைய பைலை எடுத்தேன். அதில் இருந்த நோட்டீசை அப்படியே டைப் அடித்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினேன். பெயர்களை மூன்று முறை சரிபார்த்தேன். கதவு எண்களைச் சரிபார்த்தேன். ஆபீசர் அம்மா கார் ஜன்னல் வழியாக ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டார். தபாலில் சேர்த்துவிட்டு, நல்ல வேலை செய்தோம் என்று ஒரு டீ குடித்தேன்.

அந்தப் பழைய பைலை எழுதியவர் பழைய ஆபீஸ் தெலுங்கு எழுதுகிறவர். ராஜீ என்றால் சமரசம். நம் ஊரிலும் ராஜியாகப் போய்விடலாம் என்கிறோம், அதே ராஜிதான். சமரசத்தை எழுதி வைக்கிற பத்திரத்துக்கு அந்தக் காலத்துக் கச்சேரித் தெலுங்கில், அதாவது கோர்ட்டுத் தெலுங்கில், ராஜீநாமா என்று பெயர். இப்போது தெலுங்குக்காரர்களே அப்படிச் சொல்வதில்லை. இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லுக்கு இன்றைக்கு ஒரே அர்த்தம்தான். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது.

நான் அனுப்பிய தெலுங்கு நோட்டீசில் தலைப்பே அதுதான். இன்ன தேதியில் நேரில் வந்து ராஜீநாமா சமர்ப்பிக்க வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. கீழே அரசாங்க முத்திரை.

செவ்வாய் வந்தது. பதினொரு மணிக்கு ஆபீசர் அம்மா வந்தார். கம்பெனி மேனேஜர் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஐதராபாத்காரர், மரியாதையான மனிதர், கையில் பைல். பெண்கள் ஒருவரையும் காணோம். பதினொன்றரை ஆனது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீசர் அம்மா என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

ஒன்பது பேருக்கும் முன்னால் நின்று பேசுகிறவர் கிரிஜா என்ற பெண். வெளியே வந்து அவருக்குப் போன் போட்டேன். இதுவரை பேச்சுவார்த்தையில் நான் அவர்களிடம் தெலுங்குதான் பேசியிருந்தேன். ஆபீசில் நான் எப்போதும் தெலுங்குதான். சேர்ந்த புதிதில் ஏதோ வாய் தவறித் தமிழில் சொன்னதற்கு, அரவம் வந்துடுச்சுடா என்று சிரித்தார்கள். தமிழுக்கு அவர்கள் வைத்த பெயர் அரவம். அன்று பூட்டிய வாயை நான் பிறகு திறக்கவே இல்லை. போனிலும் ஏன் வரவில்லை என்று தெலுங்கில்தான் கேட்டேன். கிரிஜா தமிழில் பதில் சொன்னார். கோபம் வந்தால் எல்லோரும் அவரவர் பாஷைக்குத்தான் போவார்கள்.

"எதுக்கு சார் வரணும்? நாங்க வேலை குடுங்கன்னு அலைஞ்சிக்கினு இருக்கோம். நீங்க இன்னான்னா ராஜினாமா எழுதிக் குடுன்னு கவர்மெண்டு சீல் போட்டு அனுப்பறீங்க. கம்பெனிக்காரன் கிட்ட எவ்ளோ சார் துன்னீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே போய் ஆபீஸ் நகலை எடுத்துப் பார்த்தேன். தலைப்பைப் படித்தேன்.  அதே தாளை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன், அதுவரை அந்தச் சொல் என் கண்ணில் படவே இல்லை.

தப்பு நடந்துவிட்டது, ராஜி பேசத்தான் கூப்பிட்டோம், வேலை உங்களுக்கு உண்டு, தயவு செய்து ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அதையும் தெலுங்கில்தான் கெஞ்சினேன்.

கிரிஜா பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "எட்டு பேரு வருவோம். தேசம்மா ஊரு பிச்சாட்டூரு தாண்டி உள்ள போவணும். அதுக்குப் போனும் இல்ல. பக்கத்து ஊட்ல சொல்லிப் பாக்கறேன்" என்றார்.

அவர்கள் ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் செய்த ஒரு காரியத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதே நோட்டீசை, அதே நம்பர், அதே தேதி போட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் ஒப்பந்தப் பத்திரம் என்று மாற்றி அடித்தேன். பிரிண்ட் எடுத்து பைலில் பழைய நகல் இருந்த இடத்தில் வைத்தும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஒன்பது அசல்கள் ஒன்பது வீட்டில் இருக்கின்றன என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இதை நேர்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான்.

நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சூப்பிரண்டு சீட்டு காலி என்றேன் அல்லவா, அதற்குப் பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம் தயாராகிக்கொண்டிருந்தது. முதல் பெயர் என்னுடையது. ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. என் மேல் ஒரு மெமோ வந்தாலும் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். ஒரு தடவை எடுத்தால் அப்புறம் எனக்கு நேரமில்லை.

ஒன்றரை மணிக்கு எட்டுப் பெண்களும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தேசம்மாவும் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டாராம். தேசம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மற்ற எட்டு பேரும் பெஞ்சில் உட்கார, அவர் மட்டும் வராண்டா ஓரத்தில் தூணோடு நின்றார். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு தரப்பையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்பது ஆபீசர் அம்மாவின் வழக்கம். முதலில் மேனேஜரைக் கூப்பிட்டார். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான், கதவு சாத்தியிருந்தது. மேனேஜர் பைலிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒன்பது பேர் இல்லை மேடம், எட்டுப் பேர்தான். ஒருத்தர் நாலு நாளைக்கு முன்னாடி ரிசைன் பண்ணிட்டாங்க. கேட்டில் வந்து கொடுத்துட்டு, ஐடி கார்டையும் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

ரூல் தாளில் பேனாவால் எழுதிய கடிதம், ஆறு வரி, தமிழில். அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர்களின் உருண்டையான எழுத்து. மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கேட்டில் வாங்கிய சூப்பர்வைசர் ராஜினாமா என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆபீசர் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"மீக்கு அரவம் வச்சு கதா? ஏம் ராசிந்தி?"

உங்களுக்குத் தமிழ் தெரியுமல்லவா, என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்கிறார். நான் மனதுக்குள் படித்தேன்.

'ஐயா, நான் என் வேலையை ராஜினாமா செய்கிறேன். எனக்கு வேலையை விட இஷ்டம் இல்லை. கவர்மெண்டு ஆபீசில் இருந்து ராஜினாமா கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது என்று தெலுங்கு தெரிந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். கொடுக்காவிட்டால் நடவடிக்கை என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரக்கூடாது. இப்படிக்கு தேசம்மா.'

அந்த அறையில் இதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இன்னொரு கிளார்க் இருந்திருந்தால் அவன் கைக்குப் போயிருக்கும். இல்லை. சீட்டெல்லாம் காலி. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் காலி சீட்டுகள் எனக்குச் சாதகமாக இருந்தன.

முதல் வரியைத் தெலுங்கில் சொன்னேன். வேலையை ராஜினாமா செய்வதாக எழுதியிருக்கிறார் என்றேன். ஆபீசர் அம்மா காத்திருந்தார். 

"அந்தே, மேடம்" என்றேன். அவ்வளவுதான் என்று அர்த்தம்.

ஆமாம், சொன்னேன். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. ஆபீசர் அம்மா தலையாட்டிவிட்டு ஒப்பந்தத்தை முன்னால் இழுத்து, ஒன்பதாவது பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைக்காமல் போட்ட கோடு, கொஞ்சம் வளைந்திருந்தது. மூன்று முறை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்து நானே டைப் செய்த பெயர் அது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார்.  

"மேடம், இன்னும் இருக்கிறது."

"இப்போதுதானே அவ்வளவுதான் என்றீர்கள்?"

"தப்பாகச் சொன்னேன்" என்றேன். மீதி ஐந்து வரியையும் ஒவ்வொன்றாகத் தெலுங்கில் சொன்னேன். நோட்டீசின் நகலை எடுத்துவந்து அந்தத் தலைப்பைக் காட்டினேன். எந்தப் பைலிலிருந்து எடுத்தேன், யார் டைப் அடித்தது, எல்லாம் சொன்னேன். பாக்கெட்டில் கிழித்துப் போட்டிருந்த தாளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தைரியம் எனக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

ஆபீசர் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேனேஜர்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது உங்க ஆபீஸ் தப்பு மேடம். எங்களுக்கு வந்தது ராஜினாமா. அந்த இடத்துக்கு வேற ஆளையும் பார்த்துட்டோம்."

ஆபீசர் அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். இப்போது சொன்னதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். கொஞ்சம் தாழ்ந்த குரலில், "எழுதினால் உங்கள் பிரமோஷன் என்ன ஆகும் என்று தெரியும்தானே" என்றும் சொன்னார். தெரியும் என்றேன். எழுதினேன். 

பிறகு அவர் மேனேஜரிடம் சொன்னார். "எட்டுப் பேருக்கு மட்டும் கையெழுத்து என்றால் இன்றைக்குச் சமரசம் தோற்றது என்று நான் ரிப்போர்ட் எழுதுகிறேன். அதோடு அந்த அம்மாவின் கடிதத்தையும், இவர் எழுதிக் கொடுத்ததையும் இணைப்பேன். இஷ்டமில்லை என்று எழுதிக் கொடுத்த ராஜினாமாவை வைத்து ஆளை வெளியே அனுப்பினோம் என்று நீங்கள் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளுங்கள்."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முக்கால் மணி நேரம் மரத்தடியில் நடந்துகொண்டே பேசினார். நான் ஜன்னல் வழியாக அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். என் பிரமோஷனுக்காக இல்லை, அது போய்விட்டது என்று அப்போதே தெரியும். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்காமல் போய்விட்டால், மிச்சமிருக்கிற வாழ்நாள் முழுவதும் அந்த ஆறு வரியும் என் கண்ணுக்குள் நிற்குமே என்ற பயம்.

மேனேஜர் திரும்பி வந்து சரி என்றார். ஒன்பது.

ஒப்பந்தத்தைப் புதிதாக டைப் அடித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பெண்களை உள்ளே கூப்பிட்டோம். அவர்களுக்குப் படித்துக் காட்டச் சொன்னார் ஆபீசர் அம்மா. நான் தெலுங்கில் ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து தமிழில் சொன்னேன். முப்பது வருஷத்தில் அந்த அறையில் நான் பேசிய முதல் தமிழ். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. கிரிஜா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக தேசம்மா வந்தார். அவருடைய கடிதத்தையும் ஐடி கார்டையும் மேனேஜர் திருப்பிக் கொடுத்தார். கடிதத்தை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் பேனாவைக் கையில் எடுத்தார்.

"இதுல அந்த வார்த்தை இல்லியே சார்?"

"இல்லம்மா. எங்கயும் இல்ல."

"நெஜமாவே வேலை உண்டா?"

"உண்டும்மா. நாளைக்கே போலாம். பஸ்ஸும் உங்க ஊருக்கு வரும்."

அவர் அழவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நாலு நாளா நான் சோறு துன்னல சார். எம் புருசன் ஊட்ட பூட்டிக்கினு உள்ளயே குந்திக்கினு இருந்தாரு, போலீஸ் வரும்னு." தாளை அருகில் இழுத்தார். "நீங்க எந்த ஊரு?"

"பிச்சாட்டூரு பக்கம்தாம்மா."

"நம்ம ஊரா?" என்றார். பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது. "நம்ம ஊருதானா நீங்க? அப்ப அந்த நோட்டீஸ்ல அடியில தமிழ்ல ரெண்டு வரி எழுதியிருந்தா இன்னா சார்?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மெமோ வந்தது, பட்டியலிலிருந்து என் பெயர் போனது, சீனியர் அசிஸ்டெண்டாகவே ரிட்டையர் ஆனேன். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மெமோவுக்கு நான்கு பக்கம் விளக்கம் எழுதினேன். எந்தெந்த சீட்டு எத்தனை வருஷமாகக் காலி, ஒரு ஆள் எத்தனை வேலை பார்க்கிறான், டைப்பிஸ்ட் இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று எல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மை. ஆனால் அன்றைக்குத் தேசம்மா கேட்டபோது அதில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு வரியை எழுதுவதற்கான ஆள் அந்த ஆபீசில் இருந்தான்.